முள்ளா, செதிலா

1

“...அதெல்லாம் கிடக்கட்டும்வே. இது என்ன மரத்துக் கொப்பு? அதை மட்டும் சொல்லும்.”

இன்று காலை எங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டவர் காலின். பக்கத்து வீட்டுக்காரர். எழுபத்தைந்தைத் தாண்டியவர். தொப்பி விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு சாண் நீளப் பச்சைக் கொப்பு. முழங்கால் எப்படி இருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார், உள்ளே வாருங்கள், ஒரு வாய் காப்பி குடியுங்கள் என்று நான் தொடங்கிய உபசாரத்தையெல்லாம் ஒரே வெட்டாக வெட்டிவிட்டுத்தான் இதைக் கேட்டார்.

காலினுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. நியூசிலாந்தில் பிறந்து, நியூசிலாந்திலேயே நாற்பது வருடம் பால் கறந்து, இப்போது ஒரே ஒரு பசுவோடும் ஏழெட்டு ஆடுகளோடும் ஓய்வில் இருப்பவர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் என் காதில் தூத்துக்குடி மரக்கடை அண்ணாச்சிமார் பேச்சுத்தான் விழுகிறது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதே சுருக்கம், அதே இழுப்பு, கோபத்துக்கும் பாசத்துக்கும் ஒரே குரல். அதனால் அவர் பேசியதை நான் கேட்டபடியே எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுதான் சுலபம்.

கொப்பைக் கையில் வாங்கினேன். உடனே பதில் சொல்லவில்லை.

சரியாக ஒரு வருடத்துக்கு முன்னால், இதே ஆடி மாதத்தில் (இங்கே ஆடி என்றால் எலும்பைக் கடிக்கிற குளிர்) இதே மனிதர் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு இன்று காலைவரை அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

2

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினெட்டு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் வரும் மரத்தடிகளை எண்ணி, தரம் பார்த்து, லாரிக்குக் கணக்குச் சொல்கிற வேலை. படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் சவரிமுத்து மேஸ்திரியிடமும், கிரேனடியில் நின்ற வெயிலிலும் கற்றுக்கொண்டது.

கிரேன் ஒரு கட்டுத் தடியைத் தூக்கி லாரிக்கு மேலே நிறுத்தும். அது அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்லிவிட வேண்டும்: இத்தனை தடி, இன்ன மரம், இன்ன தரம். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்ல நேரம் கிடையாது. நான் யோசித்தால் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் லாரி நிற்கும், லாரி நின்றால் கேட் வரைக்கும் ஹாரன் சத்தம் கேட்கும்.

“ஏலே ராஜு, யோசிக்கதுக்கா உனக்குச் சம்பளம்? வாயைத் தொறந்து சொல்லுலே! தப்புன்னா பொறவு பாத்துக்கிடலாம்” என்று மேஸ்திரி கீழேயிருந்து கத்துவார்.

அப்படியே பழகிவிட்டேன். சத்தமாகச் சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள், உடனே சொன்னால் மீதிப் பேரும் நம்புவார்கள். தெரியாது என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் இடமே இல்லை.

நியூசிலாந்திலிருந்து வருவதெல்லாம் பைன். தோலுரித்து, மருந்தடித்து, இரண்டு முனையிலும் நம்பர் எழுதி வரும். எங்கள் ஊரில் அது சரக்கு ஏற்றும் பலகைத் தட்டாகவும், பெட்டியாகவும், மலிவு விலைக் கதவுச் சட்டமாகவும் மாறிவிடும். பைன் தடியை மோந்து பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்வேன். முடிச்சைப் பார்த்தால் தரம் தெரியும். தட்டிப் பார்த்தால் உள்ளே கோளாறு இருக்கிறதா என்று தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியாது. பைன் மரத்துக்கு இலை எப்படி இருக்கும் என்பது.

நம்புங்கள். பதினெட்டு வருடத்தில் இலையோடு ஒரு பைனை நான் பார்த்ததில்லை. வேரில்லாமல், கொப்பில்லாமல், பட்டைகூட இல்லாமல், மொட்டையாக வந்த மரத்தைத்தான் எனக்குத் தெரியும். குளித்துப் பவுடர் பூசிப் பெட்டிக்குள் கிடத்தின ஆளை மட்டும் பார்த்துவிட்டு, அவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிற மாதிரி.

3

நாங்கள் இங்கே வந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல, என் மனைவி ஜெசிந்தாவின் நர்ஸ் படிப்பால். அவள் புன்னைக்காயல்காரி, கடலோர மீன்பிடி ஊர். அவளுக்கு வேலை கிடைத்தது, அவள் விசாவில் நானும் எங்கள் மகள் அனுவும் ஒட்டிக்கொண்டு வந்தோம். ஆகாய விமானத்தில் தரப்பட்ட படிவத்தில் ஒரு கேள்வி: மரம், செடி, விதை, ஓலை ஏதாவது கொண்டுவருகிறீர்களா? என் செருப்பில் மண் இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருந்தார்கள். உடன்குடி அக்கா வீட்டிலிருந்து நேரே கிளம்பி வந்தவன் நான். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, செருப்பில் தேரிக்காட்டுச் செம்மண். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். ஜெசிந்தா வெலவெலத்துப்போனாள்.

“ஆமான்னா போட்டீங்க? பிடிச்சு உள்ள போடப் போறானுவ!”

இறங்கிய விமான நிலையத்தில் நின்ற பெண் அதிகாரி கருப்பட்டியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஓலைக் கொட்டானை மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு என் செருப்பை உள்ளே கொண்டுபோய், தேய்த்துக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தார். “சொன்னதுக்கு நன்றி” என்றார். பெற்ற தாய்க்குப் பிறகு என் செருப்பை இன்னொருவர் கழுவியது அதுதான் முதல் தடவை. இந்த நாட்டுக்கு நான் பட்ட முதல் கடன் அது.

இங்கே படிவம் நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்துவிடும். ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் சில கேள்விகளுக்கு மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும்: தெரியாது. அதில் டிக் போட்டால் யாரும் கோபிப்பதில்லை. ஏழு வருடமாக அந்தக் கட்டத்தை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் அதில் டிக் போட்டதில்லை. பழைய மேஸ்திரி காதுக்குள்ளேயே நின்றார்.

எனக்கு வேலையும் மரத்தோடுதான் கிடைத்தது. ஒரு சின்ன அறுவை மில்லில் பலகை பிரித்து அடுக்குகிறேன். அங்கேயும் தடி மொட்டையாகத்தான் வருகிறது. முதல் நாளே முதலாளியிடம் “பைனைப் பத்தி என்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுக் காலினிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப எனக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு” என்றார். அன்றுமுதல் வேலிக்கு எந்தப் பலகை, கொட்டகைக்கு எந்தச் சட்டம் என்று எதற்கும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். வந்த ஊரில் ஒருவர் நம்மை நம்பி ஒன்றைக் கேட்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, ஊரைவிட்டு வந்தவனுக்குத்தான் தெரியும். அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

4

எங்கள் வீட்டுக்கும் காலினின் மேய்ச்சலுக்கும் நடுவே காற்றுக்குத் தடுப்பாக ஒரு மரவரிசை. எங்கள் கடற்கரையில் மணல் பறக்காமல் இருக்கச் சவுக்கு நட்டிருப்பார்களே, அந்த மாதிரி. எனக்குத் தெரிந்து அகல இலை இல்லாத மரம் சவுக்கு ஒன்றுதான். அதனால் இங்கே வந்ததும் நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: இலை அகலமாக இல்லையா, அது பைன்.

போன வருடம் ஆடியில் இரண்டு நாள் விடாமல் காற்று. முழங்காலைக் காட்ட டவுனுக்குப் போன காலின், ஆறு ரோட்டுக்கு ஏறிவிட்டதால் தங்கை வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். மத்தியானம் போன் வந்தது.

“ராஜ், பின்பக்கத்து மேய்ச்சல்ல எதும் விழுந்து கிடக்கா? சன்னல் வழியாப் பாரும்.”

“பெரிய கொப்பு ஒண்ணு கிடக்கு. என் இடுப்புத் தண்டி. வேலிக்கு உள்ள விழுந்திருக்கு.”

“பைனா, மாக்ரோகார்ப்பாவா?”

மாக்ரோகார்ப்பா என்பது சைப்ரஸ் சாதியில் ஒன்று. இங்கே பண்ணைக்குப் பண்ணை இருக்கிற மரம். அந்தப் பெயரை அதுவரை நான் பலகைக்குப் பெயராகத்தான் கேட்டிருந்தேன். கிரேன் அந்தரத்தில் ஆடுகிறது. மேஸ்திரி கீழேயிருந்து கத்துகிறார்.

“பைன்தான்” என்றேன்.

“உறுதியா?”

“பதினெட்டு வருஷம் பைனுக்குள்ளயே கிடந்தவன்.”

“அப்பச் சரி. கிடக்கட்டும். ரோடு தொறந்ததும் நான் வந்து அறுத்துக்கிடுதேன்.”

அந்த மேய்ச்சலில் ரூபி நின்றாள். காலினின் ஒரே பசு. செவலை. நிறைசினை. அவர் மனைவி இருந்த காலத்தில் பால்புட்டி கொடுத்து வளர்த்த கன்று அது. மனைவி போன பிறகு அவர் வீட்டில் உயிரோடு இருந்த பழைய சொந்தம் அந்த மாடு ஒன்றுதான்.

இனி எழுதப்போவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

அடுத்த நாள் ரூபி அந்தக் கொப்பை எட்டி எட்டிக் கடிப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒரு மரம் விழுந்தால் முதலில் கத்தியைத் தேட மாட்டோம், ஆட்டையும் மாட்டையும்தான் அவிழ்த்துவிடுவோம். பச்சைக் குழை மண்ணில் கிடந்து வாடினால் பாவம் என்பார்கள். எங்கள் அத்தான், அதாவது உடன்குடி அக்கா மாப்பிள்ளை, ரோட்டோரம் கிடக்கிற வேப்பங்கொப்பைக்கூடத் தாண்டிப் போக மாட்டார். ஒடித்து யார் வீட்டு ஆட்டுக்காவது போட்டுவிட்டுத்தான் போவார். அந்தப் பழக்கத்தில் நான் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். மாட்டுக்கு எட்டாத பக்கமிருந்து குழையாக ஒடித்து, ஒரு கட்டுக் கட்டி, ரூபியின் வாய்க்கு நேராகப் போட்டேன். “தின்னு தாயி, ரெண்டு உயிருக்குத் தின்னு” என்று கழுத்தையும் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாளும் போட்டேன்.

5

மூன்றாம் நாள் பின்னேரம் அனு, ஆற்றுக்கு இந்தப் பக்கமே நடந்த பள்ளி முகாமிலிருந்து வந்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து வரும். இரண்டு வருடமாக அவள் அறைக் கதவோடுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம்.

காரைவிட்டு இறங்கினவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“அப்பா, ரூபி என்ன சாப்பிடுது?”

“பைன் குழைம்மா.”

“அது பைன் இல்லப்பா. மாக்ரோகார்ப்பா. சினை மாடு தின்னா கன்னு போயிரும். இங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.” அவ்வளவும் தமிழில் சொன்னாள். பயத்தில் அவளுக்குத் தமிழ் வந்தது.

பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கொட்டுகிற மழையில் அவள் ரூபியை அடுத்த மேய்ச்சலுக்கு ஓட்டிக் கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் சேர்ந்து கொப்பை அறுத்து அறுத்து வெளியே இழுத்தோம். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்தது. கீழே உதிர்ந்து கிடந்த துணுக்குகளை அவள் குனிந்து பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளை நம்மைவிட்டு எங்கேயோ போய்விட்டது என்று நினைத்திருந்தேன். மழையில் திரும்பிப் பார்த்தால் என் பக்கத்தில்தான் நின்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் ஜெசிந்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லிருங்க.”

“ரோடு தொறந்துரும்ளா. வந்ததும் நேர்ல சொல்லுதேன். போன்ல சொன்னா அவரு அங்கன கிடந்து தவிப்பாரு.”

“அவரு தவிப்பாருன்னா யோசிக்கீங்க? நீங்க தவிக்கீங்க. மாட்டு டாக்டருக்கு இப்பவே சொன்னாத்தான் எதாவது பண்ண முடியுமா பாப்பாங்க. நோயாளி பக்கத்துல நின்னுக்கிட்டு வெக்கப்பட்டா உயிரு போயிரும்.”

தவளை தன் வாயால் கெடும் என்று ஊரில் சொல்வார்கள். கெட்ட பிறகு அதே வாயால்தான் பேசவும் வேண்டும் என்பதை யாரும் சொன்னதில்லை. போன் போட்டேன். பைன் இல்லை, மாக்ரோகார்ப்பா. எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டேன். நானே ஒடித்தும் போட்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

காலின் கேட்டது இரண்டே கேள்விதான்.

“கொப்பை வெளிய இழுத்தாச்சா?”

“ஆச்சு.”

“கதவைச் சாத்தினீரா?”

“ஆச்சு.”

“டாக்டருக்கு நான் சொல்லுதேன். சொன்னதுக்கு நன்றி.”

விமான நிலையத்தில் செருப்பைக் கழுவித் தந்த அதிகாரி சொன்ன அதே சொல். அன்று இனித்தது. இந்தத் தடவை முள்ளாகக் குத்தியது.

6

டாக்டர் வந்து பார்த்தார். நடந்தால் நடக்கும், நிறுத்த மருந்து கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான் என்றார். ஒன்பதாம் நாள் காலையில் ரூபி குறைமாதக் கன்றை ஈன்றாள். உயிர் இல்லை. நஞ்சுக்கொடி விழாமல் அவளுக்கும் நாலைந்து நாள் காய்ச்சல். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

குழி தோண்ட மண்வெட்டியோடு போனேன். காலின் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவரால் தோண்டவும் முடியாது. நான் தோண்டினேன், அவர் கன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

“என் மேல கோவமா?” என்று கேட்டேன்.

“ஆமா, இல்ல” என்றார்.

இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதற்கு ‘இல்லை’ என்றுதான் பொருள். ஏழு வருடத்தில் அது எனக்கும் பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு மட்டும் முதல் சொல்தான் என் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகும் அவர் மாறவில்லை. வழியில் பார்த்தால் கையசைப்பார். எலுமிச்சை காய்த்தால் ஒரு பை நிறைய வேலியில் தொங்கும். கிறிஸ்துமசுக்கு ஜெசிந்தா செய்த அதிரசத்தைத் தட்டில் துண்டுகூட மிஞ்சாமல் தின்றார். ஆனால் எதையும் கேட்க மாட்டார். புதுக் கொட்டகை போட்டார், எந்தச் சட்டம் என்று கேட்கவில்லை. வெளியூர் போனால் ரூபியைப் பார்த்துக்கொள்ள மேய்ச்சல் கதவுச் சாவியை மேட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வீடு அரை மைல் தூரம். என் வீடு ஒரு வேலி தூரம். ஆரஞ்சு நிறக் கயிற்றில் கட்டிய அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் நொண்டி நொண்டி மேடு ஏறுவதைச் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்ப்பேன்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அத்தானிடம் போனில் சொல்லி அழாத குறை. அவர் கருப்பட்டி வியாபாரி. பனையைப் பார்த்த நிமிடத்தில் ஆணா பெண்ணா என்று சொல்கிறவர்.

“பனங்காட்டுல பொறந்துட்டு மரம் தெரியலன்னு சொல்லுதியே மாப்ள. வெளிய சொல்லாத, எனக்குப் பொண்ணு கொடுத்த வீடுன்னு என்னையும் சேத்துச் சிரிப்பானுவ.” பிறகு குரல் தணிந்தது. “விடு. பனையில பாதியில நிக்கவனுக்குப் பேச்சு கூடாது. ஒண்ணு இறங்கு, இல்ல ஏறு.”

ஏறுவது என்று முடிவு செய்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அனுவும் அந்த மரவரிசையில் நடந்தோம். கதவுக்கு வெளியே வர அவளுக்கு அதுவே ஒரு காரணம் ஆயிற்று. அவள் ஆங்கிலத்தில் தொடங்குவாள், நான் தமிழில் கேட்பேன், நடுவில் எங்கேயோ ஒரு மொழியில் ஒத்துப்போவோம்.

அந்த வரிசையிலேயே இரண்டு சாதியும் கலந்து நின்றன. ஏழு வருடம் தினமும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒன்று என்று நினைத்திருக்கிறேன். பைனுக்கு இலை ஊசி. தனி ஊசி அல்ல; மூன்று மூன்றாக அடியில் ஒரு சின்ன உறையில் சேர்ந்திருக்கும், ஈர்க்குகளைச் சேர்த்து முடிந்த மாதிரி. சில சாதிப் பைனில் இரண்டு, சிலதில் ஐந்தும் உண்டு என்றாள் அனு. சைப்ரஸுக்கு ஊசியே கிடையாது. பொடிப்பொடியான இலைகள் குச்சியோடு குச்சியாக அப்பி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வருடினால் பின்னல் மாதிரி இருக்கும். பைனின் காய் கைக்கு அடங்காது, மரத்திலேயே வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு கிடக்கும், நல்ல வெயில் பட்டால்தான் திறக்கும். சைப்ரஸ் காய் நெல்லிக்காய் அளவு, உருண்டை. இலையைக் கசக்கினால் பைனில் வார்னிஷ் கடை வாசம். மற்றதில் நார்த்தை இலை வாசம்.

எல்லாம் கேட்டேன், மூன்று நாளில் மறந்தேன். வயது ஐம்பத்தொன்று. ஒரு சனிக்கிழமை இரண்டு கொப்பையும் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஜெசிந்தா தொட்டியடியில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். ஈரக்கையோடு வந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“இது முள்ளு. இது செதிலு.”

“என்னது?”

“முள்ளு இருந்தா பைனு. செதிலு இருந்தா மத்தது. இதுக்குப் போயி ஆறு மாசமா அப்பனும் மவளும் காட்டைச் சுத்துதீங்க. எங்க ஊர்ல மூணு வயசுப் பிள்ளை சொல்லும்.”

பார்த்தேன். சைப்ரஸ் குச்சி அச்சாக மீன் தோல்தான். வாலிலிருந்து தலைக்கு விரலால் தள்ளினால் சொரசொரக்கும், தலையிலிருந்து வாலுக்கு வருடினால் வழுக்கும். பைன் ஊசி அச்சாக நெத்திலி முள். அனு விழுந்து விழுந்து சிரித்தாள். “அம்மா, எங்க சயன்ஸ் டீச்சருக்கு இதைச் சொல்லப் போறேன்” என்றாள். சொல்லியும்விட்டாளாம். அந்த வகுப்பில் இப்போது புன்னைக்காயல் பாடம்தான் நடக்கிறது என்று கேள்வி.

மில்லிலும் கண் திறந்தது. பைன் பலகை வெளுப்பு. சீக்கிரம் வளர்ந்த உடம்பு, மருந்து ஏற்றாவிட்டால் மழையில் இரண்டு மூன்று வருடம்கூடத் தாங்காது. மாக்ரோகார்ப்பா பொன் நிறம். பூச்சி அதை அண்டத் தயங்கும். மருந்தில்லாமலே வேலிக்கால்கள் பல வருடம் நிற்கின்றன. மாட்டுக்குக் கேடு செய்கிற மரம்தான் மாட்டுக்கு வேலியாகவும் நிற்கிறது. பைன் இலையையும் சினை மாட்டுக்குக் கொடுக்கக் கூடாதாம். அது கொஞ்சம் சாதுவான எமன், அவ்வளவுதான். ஆக, நான் அன்றைக்குச் சரியாகச் சொல்லியிருந்தாலும் குழை ஒடித்துப் போட்டது தப்புத்தான். இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் தெரிந்து என்ன? கேட்க ஆள் இல்லை.

8

இன்று காலைக்கு வருகிறேன்.

ரூபி இப்போது மறுபடியும் நிறைசினை. காலினுக்கு வருகிற திங்கட்கிழமை முழங்கால் ஆபரேஷன். மூன்று வாரம் மகள் வீட்டில் இருக்க வேண்டும். இதெல்லாம் ஜெசிந்தா மூலம் எனக்குத் தெரியும், அவர் சொல்லி அல்ல. அவர் கையில் இருந்த கொப்பை இன்று விடியலில் மேய்ச்சலில் கண்டெடுத்தாராம். ராத்திரி அடித்த காற்றில் எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கிறது.

வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். ஊசியா என்று பார்த்தேன். ஊசி போலவும் இருந்தது, ஆனால் தட்டையாக இருந்தது. மூன்று மூன்றாகச் சேரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குச்சியின் இரண்டு பக்கமும் சீப்புப் பல்லாக நின்றது. செதிலா என்று விரலைத் தள்ளிப் பார்த்தேன். செதில் இல்லை. கசக்கினேன். வார்னிஷும் இல்லை, நார்த்தையும் இல்லை. திருப்பினேன். காய் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

சமையலறை வாசலில் ஜெசிந்தா கரண்டியோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் அனு, பள்ளிச் சீருடையில். அவளை ஒரு தடவை பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை.

காலின் அவசரப்படுத்தவில்லை. கிரேன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கீழேயிருந்து கத்திக்கொண்டேதான் இருந்தார். கத்தட்டும் என்று விட்டேன்.

“எனக்குத் தெரியல” என்றேன். “பைன் இல்ல. மாக்ரோகார்ப்பாவும் இல்ல. அது ரெண்டும் இல்லன்னு உறுதியாச் சொல்லுவேன். ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியல. தெரியுறவரைக்கும் ரூபியை அங்கன விட வேண்டாம்.”

காலின் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

“எனக்கும் தெரியலவே” என்றார். “அதான் கேட்டேன்.”

கொப்பை என் கையிலிருந்து வாங்கினார். அதைப் புல்லில் போடாமல் தன் கோட்டுப்பைக்குள் அடி வரைக்கும் திணித்தார். அப்புறம் மற்றப் பையில் கைவிட்டு, ஆரஞ்சுக் கயிற்றில் கட்டிய சாவியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, மழைக்குள் இறங்கி நடந்தார்.